பந்து இல்லாத படங்கள்

ஆட்டக்காரர் படம் போட்ட பழைய பேஸ்பால் அட்டைகளுக்கு ஒரு வாசம் உண்டு. அவற்றோடு சேர்த்து விற்ற இளஞ்சிவப்புச் சுவிங்கத்தின் மாவு வாசம். நேற்று பியர்பொன்ட்ஸ் பகுதியில் இருக்கும் என் வீட்டு பேஸ்மென்டில் பனிச்சப்பாத்தைத் தேடப்போய், அந்த அட்டைகளைப் போட்டுவைத்த பிஸ்கட் தகரத்தைத் திறந்துவிட்டேன். அதன்பிறகு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. சப்பாத்தும் கிடைக்கவில்லை.

அந்த அட்டைகளைப் பார்த்திருக்கிறீர்களா? ஒருவன் மட்டையைத் தோளில் சாய்த்து நிற்பான், இன்னொருவன் கையுறையை நீட்டிக் குனிந்திருப்பான். எல்லாரும் ஓரமாக, எங்கோ தொலைவில் பார்ப்பார்கள். பந்து மட்டும் இராது. எறியாத பந்துக்கு அவ்வளவு ஆயத்தம்! அகதி வழக்கின் முடிவு வரும் வரும் என்று தபால்பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்த எனக்கு அவர்கள் சொந்தக்காரர் போலத் தெரிந்தார்கள். அந்தக் காலத்தில் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் அறைக்குக் கீழே இருந்த டெப்பனர் என்ற சில்லறைக் கடைக்குப் பால் வாங்கப் போய், அட்டையோடு வருவேன்.

அறைத்தோழன் சிவநேசனுக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. ஊரில் அவனுக்குக் கல்யாணம் பேசினார்கள். பெண்ணின் படம் முதலில் வந்தது. அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டு திரிந்தான். பிறகு அவன் படத்தைக் கேட்டார்கள். ஸ்ரூடியோவுக்குப் புறப்பட்டவனைத் தடுத்தவன் நான்தான். கமரா என்னிடம் இருந்தது, கலைஞானமும் இருப்பதாக நினைப்பு.

"நேர பாக்காத மச்சான். அந்த பஸ் ஸ்ரொப்பப் பார். அட்டையில நிக்கிற வீரன் மாதிரி இருக்கும்."

மூன்று படம். மூன்றிலும் பஸ் தரிப்பைப் பார்த்தான். ஒரு மாதத்தில் பெண்ணின் தகப்பன் எழுதினார்: 'மாப்பிள்ளைக்கு வாக்குக்கண்ணோ? பார்வை ஒரு பக்கமாகவே போகிறதே!'

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"நேர பாத்து ஒண்டு எடுத்துத் தாடா. நாளைக்கே அனுப்புறன்."

"ஓம், பேந்து எடுப்பம்."

துறைமுகக் கிடங்கில் எனக்கு அப்போது ஓவர்டைம். ஒரு கிழமை போனது, மூன்று கிழமை போனது. நான் பிலிம் வாங்கி வந்த அன்று அடுத்த கடிதமும் வந்தது. பெண்ணுக்கு வேறிடத்தில் சரிவந்துவிட்டதாம். "பரவாயில்லையடா" என்றான். அதன்பிறகு எந்தக் கல்யாணப் பேச்சுக்கும் அவன் சம்மதிக்கவில்லை. இன்றைக்கும் எனக்கு அது குத்துகிறது.

இந்த நகரத்தின் பேஸ்பால் அணி வேறு ஊருக்குப் போய்விட்டது. டெப்பனர் இருந்த இடத்தில் கைபேசி திருத்துகிறார்கள். சிவநேசன் போன மாசியில் தவறிவிட்டான். இறுதிச்சடங்கு மண்டபத்தில் பூக்களுக்கு நடுவே, மருத்துவ அட்டைக்கு யாரோ எடுத்த படத்தைப் பெருப்பித்து வைத்திருந்தார்கள். அதில் அவன் என்னை நேரே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வாக்குக்கண் இல்லை.