சாமி அலமாரியில் ஒரு ஏர் பிஸ்டல்

போன ஆயுத பூஜையன்று மத்தியானம், சாப்பிட்ட கையோடு போய் சாமி அலமாரிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம் அசையவில்லை.

என்னை நேரில் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். கற்பூரம் காட்டி முடிப்பதற்குள் சுண்டல் பக்கம் கண்ணை ஓட்டுகிற ஆள் நான். என் மனைவி சுமதி இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தாள். இரண்டாவது தடவை அவள் கண் கலங்கியிருந்தது. "இப்பவாச்சும் புத்தி வந்துச்சே" என்று அலமாரியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

புத்தியும் இல்லை, பக்தியும் இல்லை. பயம்!

முதலிலிருந்து சொல்கிறேன். நான் ஒரு ஏர் பிஸ்டல் வாங்கினேன். ஸ்பிரிங் வகை. குழலை மடக்கி இழுத்தால் உள்ளே ஸ்பிரிங் சுருங்கி ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்ளும். விசையை அழுத்தினால் ஸ்பிரிங் விரிந்து பிஸ்டனைத் தள்ளும்; காற்று பாய்ந்து பயறளவு ஈயக் குண்டைத் துரத்தும். அட்டையில் வட்டம் போட்டுச் சுடுவதற்கு. லைசென்ஸ் தேவைப்படாத ரகம்.

ஐம்பத்து மூன்று வயதில் இது எதற்கு என்கிறீர்களா? மதுரையில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் பார்த்தேன், ஆசைப்பட்டேன். கண்ணுக்கும் கைக்கும் பயிற்சி, மனசு ஒருமுகப்படும் என்பதெல்லாம் சுமதிக்குச் சொன்ன காரணங்கள்.

அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "குண்டு போட்ட துப்பாக்கி வீட்டுக்குள்ள வரக் கூடாது. ஒரு தடவ வந்துச்சு... அன்னிக்கே முருகேசன் கையில தூக்கிக் குடுத்திருவேன்."

முருகேசன் அவள் தம்பி. சின்னமனூரில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். பிஸ்டல் வந்ததிலிருந்து ஞாயிறு தவறாமல் கம்பத்துக்கு வண்டியேறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறான். அக்கா மேல் திடீரென்று அப்படி ஒரு பாசம்.

புது பிஸ்டலை வாங்கியதும் சுட்டுவிட முடியாது, பழக்க வேண்டும் என்பது எனக்கு வாங்கிய பிறகுதான் தெரிந்தது. முந்நூறு குண்டாவது போனால்தான் ஸ்பிரிங்கும் பிஸ்டனும் ஒன்றோடொன்று ஒத்துப்போகுமாம். அதுவரை குண்டு இஷ்டத்துக்குப் போகும். என்னுடையவை போன இடங்களுக்குப் பிஸ்டலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கொல்லைப்புறச் சுவரோரம் மணல் மூட்டை வைத்து, அதில் அட்டையைக் குத்தியிருந்தேன். மூட்டை முழுக்கப் பொத்தல்... அட்டை புத்தம் புதிதாக இருந்தது.

முதல் இருபது குண்டுக்குப் புகை வந்தது. காய்ந்த வடைச் சட்டி மாதிரி ஒரு வாசனை. கம்பெனியில் பூசிய கிரீஸ் எரிகிறது, தானாக நின்றுவிடும் என்று கூடவே வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. முருகேசன் அதையெல்லாம் படிக்கவில்லை. எண்ணெய் பத்தவில்லை என்று சொல்லி ஆயில் கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

நம் பக்கத்தில் எது கிறீச்சிட்டாலும், எது புகைந்தாலும், எது நின்றாலும் எண்ணெய்தானே வைத்தியம்? இதற்கு அது ஆகாது. காற்று அடைபடுகிற அறைக்குள் ஒரு சொட்டு இறங்கினாலும், அழுத்தத்தில் டீசல் என்ஜின் மாதிரி பற்றிக்கொண்டு வெடிக்கும். காற்றை அடைத்து வைக்கிற சீல் போய்விடும். மடங்குகிற மூட்டுக்கு ஒரு சொட்டு, சாரலுக்குத் துரு ஏறாமலிருக்க வெளியே எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு — அவ்வளவுதான். அதிர்ச்சியில் பிடியின் ஸ்க்ரூ லூசாகும், அடிக்கடி முடுக்க வேண்டும். குண்டில்லாமல் வெறுமனே சுடக் கூடாது. ஸ்பிரிங் சுருங்கிய நிலையில் பிஸ்டலை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போகவே கூடாது.

இவ்வளவும் படித்தவுடன் எனக்கு ஞானம் பொங்கிவிட்டது. பூஜைக்கு ஒரு மாதத்துக்கு முன்பு, இந்தப் பத்திரிகையில் இதே பத்தியில் மூன்று விதிகள் எழுதினேன். சுடும் இடத்தில் மட்டும் குண்டு போடுங்கள். குழல் எப்போதும் ஆள் இல்லாத பக்கம் பார்த்திருக்கட்டும். கையைவிட்டு வைப்பதற்கு முன் திறந்து பாருங்கள். அடுத்த வீட்டு டீச்சர் அதைக் கத்தரித்து வைத்திருப்பதாகச் சொன்னார். அன்று நான் தெருவில் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்!

ஆயுத பூஜைக்கு வருவோம். வருஷா வருஷம் எங்கள் வீட்டில் ஸ்பேனர், அரிவாள்மணை, ஸ்கூட்டர், லேப்டாப் ஆகியவைதான் ஆயுதங்கள். இந்த வருஷம்தான் நிஜமாகவே ஒன்று இருந்தது. அன்று காலை கொல்லைப்புறத்தில் அதன் கடைசிப் பத்துக் குண்டுகளைச் சுட்டுக்கொண்டிருந்தேன். முந்நூறையும் முடித்துவிட்டு, பழகிய பிஸ்டலாகப் பூஜையில் வைக்க வேண்டும் என்று ஒரு ஆசை.

என் முறை இது. பாட்டில் மூடியில் பத்துக் குண்டு எண்ணி வைப்பேன். ஒன்று சுட்டதும் நோட்டில் ஒரு கோடு. பத்தும் முடிவதற்குள் வாசலில் ஹாரன் சத்தம். முருகேசன், பொரி மூட்டையோடு. பிஸ்டலை வைத்துவிட்டுப் போய் கேட்டைத் திறந்தேன். அடுப்படியிலிருந்து சுமதி நல்ல நேரம் முடியப்போவதாகக் குரல் கொடுத்தாள். திரும்பி வந்து பிஸ்டலைத் துணியால் பளபளவென்று துடைத்தேன். நேராகக் கொண்டுபோய் அலமாரித் தட்டில் வைத்தேன். திறந்து பார்த்தேனா? துடைக்கிற மும்முரத்தில் அது ஞாபகமே இல்லை.

சுமதி குழல் வாயிலிருந்து பிடி வரைக்கும் சந்தனம் அப்பிப் பொட்டு வைத்தாள். கற்பூரம் காட்டினோம். அதற்குப் பிறகு, மறுநாள் காலை மறுபூஜை முடிகிறவரை எந்த ஆயுதத்தையும் யாரும் தொடக் கூடாது. உங்கள் வீட்டிலும் அப்படித்தானே?

வடை பாயாசத்தோடு சாப்பாடு முடிந்தது. கை கழுவிவிட்டுக் கொல்லைப்புறத்தில் கிடந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். அதையும் பூஜையில் வைத்திருந்தால் எனக்கு விஷயமே தெரிந்திருக்காது. கடைசி வரிசையில் ஒன்பது கோடு. மூடியில் குண்டு இல்லை. தரையில் தேடினேன், சட்டைப் பையில் தேடினேன். எங்கும் இல்லை.

பத்தாவது குண்டு பிஸ்டலுக்குள் இருந்தது. ஸ்பிரிங் சுருங்கிய நிலையில். சரஸ்வதி படத்துக்கு முன்னால்.

ஹாலுக்கு ஓடினேன். குழல் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று நினைக்கிறீர்கள்? சோபா பக்கம். சோபாவில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, டிவி பார்த்தபடி மல்லாந்திருந்தான் முருகேசன். எங்கள் பிஸ்டலில் பாதுகாப்புப் பூட்டு உண்டு. பூட்டியிருந்தால் பக்கவாட்டிலுள்ள சிவப்புப் புள்ளி மறைந்துவிடும். தெரிந்தால், சுடத் தயார். கிட்டே போய்ப் பார்த்தேன். சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளியா, சுமதி வைத்த குங்குமமா?

சொன்னால் பிஸ்டல் முருகேசன் கைக்குப் போகும். சொல்லாவிட்டால் குண்டு முருகேசன் வயிற்றுக்குப் போகலாம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்... கொஞ்ச நேரம் யோசித்தேன்.

இடம் மாற்றிப் படுக்கச் சொன்னேன். இங்கனதான் ஃபேன் காத்து வருது என்று சொல்லிவிட்டான். தானாக அது சுடாது என்று அறிவு சொன்னது. பயம் கேட்கவில்லை. கடைசியில், குழலுக்கும் முருகேசனுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தேன். மறுநாள் காலை வரை அப்படியே உட்கார்ந்து சமாளித்துவிடலாம் என்பது திட்டம். சுமதிக்குச் சந்தேகம் வரக் கூடாதே என்று வாயை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு ஸ்லோகமும் தெரியாது. பிஸ்டல் பாகங்களின் பெயரைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

மூன்றரை மணி வாக்கில் டீச்சர் வந்தார், சுண்டல் கிண்ணத்தோடு. நான் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து அவருக்கும் பக்தி வந்துவிட்டது. ஓரமாகச் சுற்றி வந்து, தட்டிலிருந்து குங்குமம் எடுக்கக் குனிந்தார். அவர் நெற்றிக்கும் குழலுக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும்.

"தொடாதீக டீச்சர்! குண்டு இருக்கு."

அதுவரை எனக்கு இருந்தது மானப் பயம். அந்த நெற்றியைப் பார்த்ததும் வந்தது வேறு. இதை எழுதும்போதும் அது முழுசாகப் போகவில்லை.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சுமதி டிவியை நிறுத்தினாள். டீச்சரைக் கைப்பிடித்து அடுப்படிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். திரும்பி வந்து விளக்கை ஓரமாக நகர்த்தினாள்.

"மன்னிச்சுக்க ஆத்தா, தொட வேண்டியதாப் போச்சு" என்றாள் சரஸ்வதியிடம். என்னிடம், "எடுங்க" என்றாள்.

முருகேசன் என் பின்னாலேயே வந்தான். விரலை விசைப் பக்கம் கொண்டு போகாமல், குழலைத் தரைப் பக்கம் பார்த்துப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்னான். மோட்டார் கடைக்காரனின் நிதானம். கொல்லைப்புறத்தில் மணல் மூட்டைக்கு நேரே நின்றேன். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். டப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

முருகேசன் போய் அட்டையைப் பார்த்தான். நட்ட நடு வட்டத்தில் ஒரு பொத்தல். முந்நூறில் முதல் தடவை! சுமதி அட்டையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொன்ன சொல் தவறாதவள். பிஸ்டலை வாங்கித் தம்பியிடம் நீட்டினாள். அவன் கையில் வாங்கி, பெருவிரலால் சந்தனத்தைத் துடைத்துப் பார்த்தான். பிறகு அவளிடமே திருப்பிக் கொடுத்தான்.

"எனக்கு வேணாம்க்கா. மாமா ஒன்றர மணி நேரம் பயந்து உக்காந்திருந்தாக. நானா இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு தூங்கியிருப்பேன். ஓடுற மோட்டார்ல கைய விட்டவன் பூராம் பயப்படாதவந்தான்."

ஒரு மாதமாக அவனை என்னவெல்லாம் நினைத்திருந்தேன்! நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

குழல் வாயில் காய்ந்துபோன சந்தனத்தை எடுக்க இரண்டு நாள் ஆனது. துணியைச் சுருட்டி விட்டு விட்டு எடுத்தேன். எண்ணெய் ஆகாது என்று இரண்டு பக்கம் எழுதிய கம்பெனிக்காரர்கள் சந்தனத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

இப்போது பிஸ்டல் பீரோவில் இருக்கிறது. சாவி சுமதியிடம். ஞாயிற்றுக்கிழமை நான் பீரோ முன்னால் நின்று, கதவின் உட்பக்கம் ஒட்டியிருப்பதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். படித்தால்தான் பிஸ்டல் கைக்கு வரும். டீச்சர் கத்தரித்து வைத்திருந்தாரே, அதேதான். மூன்று விதிகளும் ஒரு எழுத்துக் குறையாமல் இருக்கின்றன.

கீழே இருந்த என் பெயரை மட்டும் சுமதி கத்தரித்துவிட்டாள்.