அத்தை சொன்ன இந்திப் படம்

“...‘காரு பங்களால்லாம் எங்கிட்ட இல்லைங்க, ஆனா சாயங்கால பஸ்ஸுக்கு ஒழுங்கா வீடு வந்து சேந்துடுவேன்’னு சொல்றான்” என்றாள் அத்தை.

டிவியில் அந்தக் கதாநாயகன் எங்கள் வீட்டு வாசல் நீளத்துக்கு ஒரு சிவப்புக் காரின் மேல் சாய்ந்துகொண்டு நின்றான்.

எங்கள் தெருவில் இந்தி தெரிந்தது அத்தைக்கு மட்டும்தான். காரைக்காலில் டியூஷன் போய் வரிசையாகப் பரீட்சை எழுதியவள். அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் படத்துக்கு டிவி பக்கத்தில் அவளுக்கு ஓர் இடம் உண்டு. டிவி பேசும், அவள் சொல்வாள், நாங்கள் அழுவோம். ஓடுகிற படத்தைவிட உங்கள் அத்தை சொல்கிற படம் நன்றாக இருக்கும் என்பாள் அம்மா.

அன்றைய படத்தில் ஒரு பெண் ஒருத்தனை விரும்புகிறாள். அவள் அப்பா வெளிநாட்டில் வேறொருத்தனைப் பார்த்து முடித்துவிடுகிறார். எங்கள் வீட்டிலும் அந்த வாரம் அதே பேச்சுதான். வெள்ளிக்கிழமை அத்தைக்குப் பூ வைக்க வருகிறார்கள். மாப்பிள்ளை பாரிஸில் வேலை. அவருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் ஊரில் அது சொல்தா வீடு. அந்த வீட்டிலிருந்து தேடி வந்த சம்பந்தம் என்று அப்பா தரையில் கால் பாவாமல் திரிந்தார். அத்தையின் அண்ணன் அவர்; தாய் தகப்பன் இல்லாத தங்கையைத் தூக்கி வளர்த்தவர். பத்திரிகை எந்த அச்சகத்தில் அடிப்பது என்பதுவரை எல்லோரையும் கேட்டுவிட்டார், ஓர் ஆளைத் தவிர.

கதாநாயகி மாடிப்படியில் நின்று அழுதாள். “இவ்ளோ அழுவுறா, மை கலையுதா பாரேன்” என்றாள் எதிர்வீட்டு அக்கா. அந்தப் பெண் என்ன சொல்லி அழுகிறாள் என்று அம்மா கேட்டாள். அவன் வேளாண்மை ஆபீஸில் கிளார்க்காம், சம்பளம் குறைச்சல்தானாம், ஆனால் நாலு வருஷமாக இவளுக்காகக் காத்திருக்கிறானாம், அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று அழுகிறாளாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. கிளார்க்குக்கு ஏது அவ்வளவு பெரிய கார் என்று கேட்டேன். அம்மா என் வாயில் ஒரு முறுக்கைத் திணித்தாள்.

அப்பா அதுவரை பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். படிப்பதாகத்தான் நான் நினைத்திருந்தேன். பக்கம் புரண்டு வெகுநேரமாகியிருந்தது. பேப்பரை மடித்து மடியில் வைத்தார்.

“வீட்ல யார் யாராம் அவனுக்கு?”

“அம்மா மட்டுந்தாண்ணே.”

“எந்த ஊராம்?”

அத்தை டிவியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “நெரவி” என்றாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இந்திக்காரனாவது, பக்கத்து ஊர் நெரவியாவது. சிரித்தது நான் ஒருத்திதான். எதிர்வீட்டு அக்கா, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி எழுந்து போனாள். அவள் வீட்டில் அந்த நேரத்துக்குப் பால் காய்ச்சி நான் பார்த்ததில்லை. அம்மா முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போகிற மாதிரி போய், நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

அப்பா எழுந்தார். என்னவோ நடக்கப் போகிறது என்று நான் சுவரோரம் நகர்ந்தேன். அவர் நாற்காலியை மட்டும் டிவியிலிருந்து திருப்பி, அத்தையைப் பார்க்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“மிச்சக் கதையையும் சொல்லு பாப்பா. கேக்குறேன்.”

படத்தில் அப்போதுதான் பாட்டு ஆரம்பித்திருந்தது. பனிமலை, குடை, ஓட்டம். பாட்டில் என்ன கதை இருக்கும், அதை எப்படித் தமிழில் சொல்வாள் என்று எனக்கு விளங்கவே இல்லை. அத்தை எழுந்துபோய் டிவியின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தாள். திரும்பி வந்து, அண்ணனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.