சஷ்டிப் பாலும் தொண்டை மாஸ்க்கும்

ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணையை நினைத்தாலே எனக்கு எரிச்சல்தான் வரும். அவர் மேல் அல்ல. யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் மயக்க மருந்து கொடுத்த டொக்டர் அவர். லண்டனில் அந்தப் பட்டம் மட்டும் போதாது என்றார்கள். பதிவுப் பரீட்சை எழுதி மூன்று முறை தோற்றார். கடைசியில், நான் ட்ரொலி தள்ளிய அதே ஆஸ்பத்திரியில், மயக்க மருந்து டொக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுக்கும் உதவியாளராகச் சேர்ந்தார்.

1991இல் அங்கே ஓர் ஆராய்ச்சி நடந்தது. மயங்கிக் கிடப்பவருக்கு மூச்சு கொடுக்க எது நல்லது: மூச்சுக்குழாய்க்குள் இறக்கும் பழைய குழாயா, தொண்டையில் பொருத்தும் புது மாஸ்க்கா? மூடிய உறையைப் பிரித்தால் யாருக்கு எது என்று எழுதியிருக்கும். ஓர் இளம் டொக்டர் அதைப் போடுவார். இருமல், தொண்டை நோவு, நாடி எல்லாவற்றையும் தாளில் குறிப்பது அண்ணையின் வேலை. மாஸ்க் சுகம்தான், ஆனால் வயிற்றில் கிடப்பது மேலே வந்தால் அது தடுக்காது, நேரே நுரையீரலுக்குப் போய்விடும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். டொக்டர்கள் எப்போதாவது அவரிடம் ஏதும் கேட்டார்களா?

நவம்பரில் ஒரு காலை, குடலிறக்க ஆபரேஷனுக்குக் கமலாம்பிகை அம்மாவை நான்தான் தள்ளி வந்தேன். ஏழு மாதம் காத்திருந்து கிடைத்த நாள். உறையில் மாஸ்க் என்று வந்தது. வெறும் வயிறு என்று தாதி படிவத்தில் சரி போட்டிருந்தாள். பிரஷர் பார்க்கக் கையைத் தூக்கிய அண்ணை மணிக்கட்டில் கோயில் காப்பு நூலைக் கண்டார். கந்தசஷ்டி நாட்கள். விடிய ஏதும் குடித்தாரா என்று உடனே கேட்டார்.

“ஒண்டும் சாப்பிடேல்லைத் தம்பி, விரதமெல்லோ. விடிய பாலும் பழமும் மட்டும்தான்.”

எங்கள் விரதக்காரருக்குப் பாலும் பழமும் சாப்பாட்டில் சேர்த்தியில்லை. இதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

அண்ணை அதை இளம் டொக்டரிடம் சொன்னார். இளம் டொக்டர் படிவத்தைக் காட்டினார். அண்ணை திரும்பவும் சொன்னார். டொக்டர் பொறுமையிழந்து மாஸ்க்குக்குக் கை நீட்டினார். அண்ணை கொடுக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். அண்ணைக்கு இந்த வேலையும் போகப்போகிறது என்று நினைத்தேன். சத்தம் கேட்டு வந்த பெரிய டொக்டர் விசாரித்துவிட்டு, ஆபரேஷனைத் தள்ளிவைக்கச் சொல்லிப் போய்விட்டார். ஒரு நன்றி கிடையாது. இளம் டொக்டர் அண்ணையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

வார்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அம்மா அழுதார். கூட வந்த அண்ணை, மாஸ்க்கைப் போட்டிருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்று விளக்கினார். அம்மாவின் காதில் எதுவும் ஏறவில்லை.

“அந்த டொக்டர் செய்யத்தானே நிண்டவர். நீர் ஏன் குறுக்க வந்தனீர்? நீர் என்ன, டொக்டரோ?”

எனக்கு வாய் துடித்தது. அண்ணை என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார்.

“இல்லை அம்மா,” என்றார்.