மாங்காய் வண்டி

கல்யாணமான முதல் வருஷம் எனக்குப் புருஷன் சனி, ஞாயிறு மட்டும்தான். அவர் தையற்காரர். திங்கட்கிழமை விடிந்தால் கைமெஷினை யார் வண்டியிலாவது ஏற்றிக்கொண்டு பாடாலூரிலிருந்து கிளம்பிவிடுவார். பெரம்பலூர், ரஞ்சன்குடி, பிறகு சுற்றிக்கொண்டு அரியலூர் என்று சந்தை சந்தையாகப் போய், கிடைத்த மரத்தடியில் படுத்து, வாரக் கடைசியில் தாடியோடு வந்து நிற்பார். நான் மாமியாரோடு வீட்டில் உட்கார்ந்து, அவர் தைத்த சட்டைகளுக்குப் பொத்தான் துளை போட்டுக் காஜா எடுத்துக்கொண்டிருப்பேன். இதற்கா தாலி கட்டினார் என்று ஆத்திரம் ஆத்திரமாக வரும். ஒரு சனிக்கிழமை, அவர் சாப்பிட்டுக் கை கழுவும்வரைகூடப் பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

"நானும் ஒங்களோட வரேன். படுத்துக்கிற மாதிரி ஒரு வண்டி கட்டுங்க."

"நெனச்சதும் கட்டுறதுக்கு அது என்ன பூச்சரமா?" என்று சிரித்தார்.

கையில் காசில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் என் தாய்மாமன் கொல்லையில் ஓர் ஒற்றை மாட்டு வண்டி உடைந்து கிடப்பதும் தெரியும். அதில் கோழிகள் குடியிருந்தன. சக்கரமும் அச்சும் நன்றாகவே இருந்தன; கேட்டதும் மாமா கொடுத்துவிட்டார். உலக யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களைத் திருச்சியில் ஏலம் போட்ட சமயம் அது. என் புருஷன் போய், ஒரு பக்கம் கிழிந்த கூடாரத் துணி ஒன்றை மலிவாக வாங்கி வந்தார். மூங்கில் எங்கள் வேலியிலேயே இருந்தது, மாடு எங்கள் தொழுவத்திலேயே.

துணியை விரித்து அளந்தால் பத்தவில்லை. பெட்டி மாதிரிக் கூண்டு கட்டினால் பின்பக்கம் திறந்து கிடக்கும் என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு வந்ததே கோபம். சட்டைத் துணி பத்தாவிட்டால் கையைக் குட்டையாக வைத்துத் தைக்கிறோமே, இதற்கென்ன? மூங்கில் பிளாச்சுகளை நெருப்பில் வாட்டி, முன்னால் உயரமாகவும் பின்னால் போகப் போகத் தாழ்வாகவும் வளைக்கச் சொன்னேன். கடைசியில் கூண்டு வால் பக்கம் குறுகி, படுக்க வைத்த மாங்காய் மாதிரி வந்தது. துணி கச்சிதமாகப் பொருந்தியது. தெருவில் அன்றைக்கே மாங்காய் வண்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கூடாரத் துணியில் மெஷின் ஊசி ஒடிந்தது. கோணி ஊசியால் கையாலேயே தைத்தேன். தையல் ஓரமெல்லாம் மழை இறங்காமல் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசினோம். உட்புறத்துக்கு, வெட்டி மிஞ்சிய துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு விதானம் கட்டினேன். மல்லாந்து படுத்தால் ஊரில் பாதிப் பேரின் சட்டையும் பாவாடையும் தெரியும். வால் பக்கம் ஒரு பலகைத் தட்டு. அதன் மேல் மெஷினும் சட்டி பானையும், அதன் அடியில் எங்கள் கால்கள். பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு, உள்ளே தாழ்ப்பாள். தாழ்ப்பாள் இல்லாமல் என்னை அனுப்பமாட்டார்கள் என்பதால் அதை முதலிலேயே வாங்கி வைத்திருந்தேன்.

மாமியார் வந்து பார்த்தார். சக்கரத்தைத் தட்டினார், தாழ்ப்பாளை இழுத்தார், உள்ளே போய்ப் படுத்தும் பார்த்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை. வெளியே வந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டே கேட்டார்.

"தலமாடு எந்தப் பக்கம்?"

"முன்பக்கம் அத்தை. பின்னால தட்டு இடிக்கும்."

"வண்டி பெரம்பலூருக்குப் போவுது. பெரம்பலூரு எந்தத் தெச?"

அவர் மகன் வானத்தைப் பார்த்தார். பெரம்பலூர் இருப்பது வடக்கே. வடக்கே தலை வைத்துப் படுப்பது எங்கள் வீட்டில் நினைத்தே பார்க்க முடியாத காரியம். சாலையோரமெல்லாம் பள்ளம், குறுக்கே நிறுத்தவும் முடியாது.

"ராத்திரி வண்டியத் திருப்பி நிறுத்திக்கிறோம் அத்தை. தல தெக்க வந்துடும்," என்றேன்.

வேறு குறை அகப்படாமல் மாமியார் வாசலுக்குப் போய், தெருவே கேட்கும்படி சொன்னார்: "போ. ஆனா சனிக்கெழமைக்கு முன்னால திரும்பி வந்து நின்னேன்னு வச்சுக்க, அப்புறம் அந்த வண்டியில நீ கால வைக்கக் கூடாது."

"சரிங்க அத்தை," என்றேன் நானும் அதே குரலில்.

சாமான் ஏற்றிக் கிளம்பவே சாயங்காலமாகிவிட்டது. பாதி வழியில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, சொன்னபடியே வண்டியைத் தெற்கே பார்க்கத் திருப்பி, மாட்டை அவிழ்த்து, முன்னால் முட்டுக் கொடுத்துப் படுத்தோம். தாழ்ப்பாள் போட்டதும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இன்றும் மறைக்கத் தோன்றவில்லை. அந்த இடம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் என்று இருந்தது.

வெயிலுக்கு முன்னால் பெரம்பலூர் போய்விட வேண்டும் என்று அவர் இருட்டிலேயே எழுந்து மாட்டைப் பூட்டினார். பூட்டிவிட்டு, வண்டிக்காரர்கள் எல்லோரும் செய்வதுபோல, முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். மாடு அன்றைக்கு ஏன் அவ்வளவு உற்சாகமாக நடந்தது என்று உள்ளே படுத்திருந்த நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை, நானும் தூங்கிவிட்டேன்.

வண்டி நின்றதும் கதவைத் திறந்தேன். எதிரே எங்கள் வீடு. சாணத் தண்ணீர் வாளியோடு மாமியார்.

தெற்கே பார்த்து நின்ற வண்டியை என் புருஷன் திருப்பாமலே பூட்டிவிட்டார் என்பது அப்போதுதான் புரிந்தது. ஒரே ஒரு ராத்திரியோடு எல்லாம் போயிற்று. ஆனாலும் நான் கீழே இறங்கவில்லை. கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மாமியார் முகத்தையே பார்த்தேன். தெருவில் இன்னும் யாரும் எழுந்திருக்கவில்லை.

மாமியார் தூங்கும் மகனைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"ராத்திரி எந்தப் பக்கம் தல வச்சுப் படுத்தீங்க?"

"தெக்கதான் அத்தை. நீங்க சொன்ன மாதிரியே."

வாளியைக் கீழே வைத்தார். மாடு அதில் வாயை வைக்கப் போக, அதன் முகத்தைத் தள்ளிவிட்டு, உள்ளே போய் நல்ல தண்ணீர் கொண்டுவந்து காட்டினார். அது குடித்து முடிந்ததும் மகனின் முதுகில் ஒன்று வைத்து எழுப்பினார்.

"நான் இன்னும் வாசலுக்கே வரல. யாரையும் பாக்கல," என்று சொல்லிவிட்டு, தெளிக்காத வாளியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை நாங்கள் திரும்பியபோது அவர் வாசலில் காத்திருந்தார். "பரவால்லயே, ஒரு வாரம் தாங்கிட்டியே!" என்றார், தெருவே கேட்கும்படி.