பிசிறில்லாத சத்தம்

எங்கள் கூத்தாநல்லூர்ப் பக்கம் யார் பழைய பம்ப்செட் வாங்கினாலும் என்னைத்தான் அழைத்துப் போவார்கள். சத்தத்தைக் கேட்டே விலை சொல்லிவிடுவேன். அந்தத் தைரியத்தில் முத்துப்பேட்டையில் ஒரு பழைய ஸ்பீடு போட் பார்க்கப் போனேன்.

"எஞ்சினைக் கேளுங்க பாய், புதுசு மாதிரி இருக்கும்" என்று சொந்தக்காரர் தனியாக ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். சத்தத்தில் பிசிறில்லை. பாதி விலைக்கு இறங்கி வந்தபோதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

வாங்கிய முதல் நாளே மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு அலையாத்திக் காட்டுப் பக்கம் போனேன். திருப்பியதும் படகு சாய்ந்து எங்களை நீரில் கொட்டியது. நல்லவேளை, மார்பளவு ஆழம்தான். பிள்ளைகளை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டோம்.

"கரை எந்தப் பக்கங்க?" என்றாள் மனைவி. தலையால் பக்கத்தைக் காட்டிவிட்டு முன்னே நடந்தேன். ஆளில்லாத படகு தானாக நிமிர்ந்து போய்ச் சேற்றில் முட்டி நின்றது. எஞ்சின் மட்டும் பிசிறில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"அடித்தட்டுப் பலகையெல்லாம் தண்ணி குடிச்சு ஊறிக் கிடக்கு பாய். நாலு பேர் ஏறித் திருப்பினா சாஞ்சிடும்" என்றார் பிறகு பார்த்த மெக்கானிக்.

இப்போது படகு வாங்குவோரிடம், நாலு நெல்மூட்டை ஏற்றித் திருப்பிப் பாருங்கள் என்கிறேன். பம்ப்செட் பார்க்க நான் போவதில்லை. நல்ல எஞ்சின் சத்தம் கேட்டால் பிள்ளைகள் எங்கே என்று தேடுகிறேன்.