இசக்கி வருகிற நேரத்தில் விளம்பரம்

கேபிள் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு. படம் தெரிகிற வரைக்கும் நம்மை ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. படம் போன நிமிஷத்தில் மலை முழுக்க நம் பெயர்தான் கேட்கும். தண்ணீர் திறந்து விடுகிறவர்கள், கரண்ட் கம்பத்தில் ஏறுகிறவர்கள், ரேஷன் கடையில் எடை போடுகிறவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள். நமக்கு வருகிற போனில் நலம் விசாரிப்பு கிடையாது.

கேரளாவில் பீர்மேட்டுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்குக் கேபிள் கொடுத்துப் பிழைக்கிறேன். ஊரில் பாதிப் பேர் டிஷ்ஷுக்கு மாறிவிட்டார்கள். எங்கள் சரிவில் மழை கனத்தால் டிஷ் கண்ணை மூடிக்கொள்ளும், செல்போனில் படம் ஓடுகிற அளவுக்குச் சிக்னல் எட்டிப் பார்க்காது. அதனால் நான் இன்னும் தேவைப்படுகிறேன். இந்த நிலையில்தான் மூன்றாம் லயத்து இசக்கிமுத்துவை ஆஸ்திரேலியாவில் டெஸ்ட் ஆடப் போகும் இந்திய அணியில் சேர்த்தார்கள். வேகப் பந்துவீச்சாளன். தகப்பன் இல்லை. அம்மா பேச்சியம்மாள் கொழுந்து எடுக்கிறவர். அவர் வீட்டுக்கும் கேபிள் என்னுடையதுதான்.

பதினெட்டு பேர் எதற்கு

அணியில் பதினெட்டு பேர் என்று செய்தியில் சொன்னதும் லயத்தில் குழப்பம் வந்தது. ஆடுவது பதினோரு பேர் என்றால் மீதிப் பேரை எதற்கு விமானத்தில் ஏற்றிக் கூட்டிப் போகிறார்கள் என்று வழியில் நிறுத்தி என்னைக் கேட்டார்கள். கேபிள்காரனுக்கு டிவியில் வருவதெல்லாம் தெரியும் என்பது இங்கே பொதுவான நம்பிக்கை. எனக்குக் கிரிக்கெட் அரைகுறை. நல்ல வேளையாக ரிட்டயர்டு சூப்பர்வைசர் சவரிமுத்து பக்கத்தில் இருந்தார்.

அவர் எஸ்டேட் பாஷையிலேயே விளக்கினார். காலையில் மஸ்டர் எடுக்கும்போது பெர்மனென்ட் ஆட்களுக்கு முதலில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார்கள். டெம்பரவரி ஆட்கள் ஓரமாக நிற்பார்கள். யாராவது வரவில்லை என்றால் அவர்களில் ஒருவருக்கு அன்றைக்கு வேலை. இசக்கி இப்போது டெம்பரவரி, அவ்வளவுதான் என்றார். எல்லோருக்கும் சட்டென்று விளங்கிவிட்டது, விளங்கியதும் கொஞ்சம் முகம் வாடிவிட்டது. பேச்சியம்மாள் மட்டும் வாடவில்லை. பல வருஷம் டெம்பரவரியாக நின்று, அதற்கப்புறம் பெர்மனென்ட் ஆனவர் அவர். சொன்னார்: "நின்னுக்கிட்டே இருந்தா ஒரு நாளு கூப்பிடத்தான் செய்வாவ. நானும் அப்படி நின்னு வந்தவதான்."

யாருடைய பையன்

கீழே இருந்து மைக்கோடு ஒரு நிருபர் ஜீப் பிடித்து வந்தார். வழி காட்டப் போனது நான். கேரளாவுக்காக ஆடுகிறான், வீட்டில் பேசுவது தமிழ். அவனைக் கேரளப் பையன் என்று சொல்வதா, தமிழ்ப் பையன் என்று சொல்வதா, அம்மாவின் வாயால் கேட்க வேண்டும் என்றார். இரண்டு பக்கத்துப் பத்திரிகைகளும் அதற்குள் எங்கள் பையன் என்று போட்டாகிவிட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ் பேசிக்கொண்டு பிறந்தவர்களுக்கு இந்தக் கேள்வி பள்ளிக்கூடத்தில் தொடங்கி ஆபீஸ் வாசல் வரைக்கும் கூடவே வரும். பேச்சியம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு மைக்கைப் பார்த்துச் சொன்னார்: "ரெண்டு பக்கமும் எங்க புள்ளைனு சொல்லுதாவ, சந்தோசம். மொதல்ல அவன ஆட விடச் சொல்லுங்க."

கட்டன் சாயா

முதல் டெஸ்ட் நம் நேரத்துக்கு விடியற்காலையில் தொடங்கியது. மஸ்டருக்கு முன்னால் சமைத்து முடிக்க எழுந்திருக்கும் பெண்களுக்கு அது வசதியாகப் போயிற்று. பேச்சியம்மாள் வீட்டில் இடம் போதாமல் வாசல் வரைக்கும் ஆட்கள். கூட்டம் வந்தால் படம் போய்விடும் என்கிற பயத்தில் நானும் கையில் டெஸ்டரோடு ஒரு ஓரத்தில் நின்றேன்.

இசக்கி ஆடவில்லை. ஒரு மணி நேரம் ஆனதும் தண்ணீர் இடைவேளை விட்டார்கள். சட்டைக்கு மேல் பச்சை பனியன் மாட்டிக்கொண்டு, கை நிறையப் பாட்டில்களோடு ஓடி வந்தவன் இசக்கி. இவ்வளவு தூரம் போனது தண்ணி தூக்கவா என்று பின்னாலிருந்து ஒருத்தர் முணுமுணுத்தார். கொழுந்துக்காட்டில் சரிவேறிக் கட்டன் சாயா என்று பால் விடாத டீ கொண்டு வருகிறவளை மற்ற பெண்கள் எப்படி வழி பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பேச்சியம்மாளுக்கு அது தெரியும். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "வெயில்ல நிக்கவனுக்குத் தண்ணி குடுக்குறது எளப்பமான வேலையா? அதுவும் நம்ம டீமுக்கு?"

சோப்பு விளம்பரம்

அன்றிலிருந்து தண்ணீர் இடைவேளைதான் அவருக்கு மேட்ச். ஆனால் தண்ணீர் இடைவேளையில்தான் டிவிக்காரர்கள் விளம்பரம் போடுவார்கள். இசக்கி எல்லைக் கோட்டைத் தாண்டி நாலு எட்டு வைத்திருப்பான், அதற்குள் ஒரு பெண் சோப்புப் போட்டுக் குளிக்கத் தொடங்கிவிடுவாள். விளம்பரம் முடிந்து வரும்போது அடுத்த ஓவர் ஓடிக்கொண்டிருக்கும், பையன் உள்ளே போயிருப்பான்.

பேச்சியம்மாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கடைக்கே வந்துவிட்டார். விளம்பரத்தைப் போடுவது நான்தான் என்பது அவருடைய முடிவு. அதில் தப்பும் சொல்ல முடியாது. நான் ஒரு லோக்கல் சேனலும் ஓட்டுகிறேன். ஜவுளிக்கடைத் தள்ளுபடியும் கல்யாண மண்டபமும் அதில் போடுவது நானே. ஒன்றில் போடுகிறவன் மற்றதில் போடமாட்டானா? அது பம்பாயிலிருந்து வருகிறது, என் கையில் ஒன்றும் இல்லை என்று எப்படியெல்லாமோ சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டார். இவன் பெரிய இடத்துக்குப் பயந்து மழுப்புகிறான் என்று எடுத்துக்கொண்டார் போல. போகும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சோப்பு வேணும்னா நான் கடையில போயி வாங்கிக்கிடுதேன். அவன் வார நேரம் மட்டும் நிறுத்து செல்வம்."

வேண்டுதல்

இரண்டாவது டெஸ்டிலும் இசக்கிக்கு இடமில்லை. லயத்தில் பொறுமை போய்விட்டது. மூன்று வேகப் பந்துவீச்சாளர்களில் ஒருவருக்குக் கால் பிசகினால் போதும், நம் பையன் உள்ளே என்று கணக்குப் போட்டார்கள். கோயிலுக்குத் தேங்காய் உடைக்கலாம் என்று சிலர் கிளம்பியே விட்டார்கள். விஷயம் பேச்சியம்மாள் காதுக்குப் போனது.

அவருக்குப் பெர்மனென்ட் கிடைத்த கதை அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மழையில் சரிவில் வழுக்கி ஒரு பெண்ணுக்கு இடுப்பெலும்பு ஒடிந்தது. அந்த இடம்தான் இவருக்கு வந்தது. அந்தப் பெண் அதற்குப் பிறகு மலை ஏறவில்லை, தென்காசிப் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டார். அந்த வேலையில்தான் இசக்கியை வளர்த்தேன், கூடையைத் தூக்குகிற போதெல்லாம் அவள் ஞாபகம் வரும் என்றார். தேங்காயோடு நின்றவர்களைப் பார்த்து அவர் கோபப்படவில்லை. இவ்வளவுதான் சொன்னார்: "அவங்க காலு கையெல்லாம் நல்லா இருக்கட்டும்னு ஒடைங்க. என் புள்ளைக்கு வேற வழியா வரட்டும்."

மூன்றாவது டெஸ்ட்

யாரும் வேண்டாமலேயே அது நடந்தது. ஓடி வந்து பந்து போட்ட பெரிய பவுலர் தொடையைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. முதலில் ஓடி வந்தவர்களில் இசக்கியும் இருந்தான். ஒரு பக்கம் தோள் கொடுத்து அவரை நடத்திக் கூட்டிப் போனவன் அவன்தான்.

வாசலில் ஒரு கைத்தட்டல் கிளம்பியது. வேண்டுமென்று செய்ததல்ல, இத்தனை நாள் அடக்கி வைத்தது வெளியே வந்துவிட்டது. பேச்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். சந்தோஷ அழுகை என்று நினைத்து ஒருத்தி தோளைத் தொட்டாள். அவர் கையை விலக்கிவிட்டுச் சொன்னார்: "விழுந்தவனுக்கும் ஒரு அம்மா இருப்பா, இந்நேரம் டிவி முன்னாலதான் இருப்பா. கை தட்டாதிய."

கடைசி டெஸ்ட்

ஆட்டத்தின் நடுவில் ஒருவர் விழுந்தால் அவருக்குப் பதில் வேறு பவுலரை இறக்க முடியாதாம்; இசக்கிக்கு வாய்ப்பு என்றால் அடுத்த டெஸ்டில்தான், அதுதான் கடைசி டெஸ்ட். இசக்கி போன் பண்ணி, இந்தத் தடவை பாரும்மா என்று சொல்லியிருந்தான். அதற்கு மேல் சொல்லக் கூடாதாம். அன்று விடியற்காலையில் அடித்த காற்றில் ஒரு சில்வர் ஓக் மரம் சாய்ந்து என் மெயின் லைனை அறுத்துக்கொண்டு விழுந்தது. மலையே என் பெயரைச் சொன்னது. நானும் கூட வேலை செய்யும் ஜோமோனும் ஜீப்பை எடுத்துக்கொண்டு மேலே ஏறினோம். கைவிரல் விறைக்கிற குளிர். தலையில் கட்டிய லைட் வெளிச்சத்தில் வயரைச் சீவிக்கொண்டிருந்தேன்.

அந்த மேட்டில் சிக்னல் கிடைக்கும். ஜோமோன் போனைப் பார்த்தான். பிறகு என்னிடம் நீட்டினான். டாஸ் முடிந்திருந்தது, நாம்தான் முதலில் பேட்டிங். பதினோரு பேரில் இசக்கி இல்லை. காயம் ஆறி ஊரில் இருந்த பழைய பவுலர் ஒருவரை விமானத்தில் வரவழைத்து இறக்கிவிட்டார்கள். என் கையில் வயரின் இரண்டு முனைகளும் இருந்தன. இதைச் சேர்த்தால் அந்த வீட்டுக்கு முதலில் போய்ச் சேருகிற சேதி இதுதான். ஜோமோன் மலையாளம் கலந்து சொன்னான்: "மெதுவா சேர்த்தா போதும் அண்ணா. ஒரு நாளைக்கு அந்த அம்மா அறியண்டா."

மஸ்டருக்கு முன்னால்

சேர்த்துவிட்டேன். படம் கொடுப்பதுதான் என் வேலை; என்ன படம் என்பது என் கையில் இல்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நேராகப் பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனேன். வாசலில் கூட்டம் கரைந்திருந்தது. அவர் தலையில் துண்டைக் கட்டி, இடுப்பில் பிளாஸ்டிக் சீட்டைச் சுற்றி, மஸ்டருக்குத் தயாராக டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். அவரே சொன்னார், லீவு முடிஞ்சு பெர்மனென்ட் ஆளு வந்துட்டா டெம்பரவரி ஒதுங்கித்தான நிக்கணும் என்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வயரைச் சரிபார்க்கிற சாக்கில் டிவிக்குப் பின்னால் போய் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில், தண்ணீர் இடைவேளைக்கு முன்னாலேயே, நம் பேட்ஸ்மேனின் மட்டை விரிசல் விட்டது. அவர் கையைக் காட்ட, உள்ளேயிருந்து மூன்று மட்டைகளை அணைத்துக்கொண்டு இசக்கி ஓடி வந்தான். இடைவேளை இல்லாததால் விளம்பரம் வரவில்லை. பேட்ஸ்மேன் ஒவ்வொரு மட்டையாகத் தட்டிப் பார்த்தார். கேமரா அவர்களை விட்டு நகரவே இல்லை. இசக்கியின் முகம் டிவி முழுக்க இருந்தது. மெலிந்திருந்தான். பேட்ஸ்மேன் என்னவோ சொல்ல, சிரித்தான். அவர் மூன்றாவது மட்டையை வாங்கிக்கொள்ள, மற்றவற்றை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடினான். கோட்டைத் தாண்டுகிற வரைக்கும் காட்டினார்கள்.

பேச்சியம்மாள் எழுந்து கூடையை எடுத்துக்கொண்டார். வாசற்படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். மகன் ஆஸ்திரேலியா போன நாளிலிருந்து அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. சொன்னார்: "சொன்னத மனசுல வச்சு இன்னைக்கு வெளம்பரத்த நிறுத்திட்டியே செல்வம். நீ நல்லா இருப்ப."

இத்தனை வருஷக் கேபிள் தொழிலில் ஒரு வாடிக்கையாளர் என்னை மனதார வாழ்த்தியது அன்றைக்கு ஒரு நாள்தான், அதுவும் நான் செய்யாத வேலைக்கு.