வில்லுக்கு மேலே ஓடிய தண்ணீர்

பிள்ளைகளே, ஸ்பெயினில் செகோவியா என்று ஒரு பழைய நகரம் இருக்கிறது. ஒரு மாகாணத்துக்கே தலைநகர். ஆனாலும் டென்மார்க்கில் நாங்கள் இருக்கிற வைலேயைப் போல நடந்தே சுற்றி வந்துவிடலாம். போன இலையுதிர்கால விடுமுறைக்குக் குடும்பமாகப் போனோம். நான் அதிகம் படித்தவன் அல்ல. கண்டதைத்தான் சொல்கிறேன்.

அந்த ஊரின் வீட்டுச் சுவர்களில் சாந்தைச் சுரண்டிக் கோலம்போலப் பூவேலை செய்திருக்கிறார்கள். ஊரின் நடுவே ரோமர்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கட்டிய தண்ணீர்ப் பாலம் நிற்கிறது. மலைத் தண்ணீர் பள்ளத்தைக் கடந்து ஊருக்குள் வருவதற்காகக் கட்டியது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வரிசை வளைவுகள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் சீமெந்தும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை.

பன்னிரண்டு வயது மகள் அதில் கையை வைத்துக்கொண்டு, "அப்பா, இது ஏன் விழேல்லை?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. வைலேக்குத் திரும்பியதும் அவளே நூலகத்தில் ஒரு டேனிஷ் புத்தகம் எடுத்துப் படித்தாள்.

அந்த மாதம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தான் பார்த்த ஓர் இடத்தைப் பற்றித் தமிழில் பேசவேண்டும் என்றார்கள். மகள் வீட்டில் அனேகமாக டேனிஷில்தான் பதில் சொல்வாள். முந்திய முறை அவள் பேசியபோது பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

"இந்த முறையும் சிரிச்சினமெண்டா இனித் தமிழுக்குப் போகமாட்டன்," என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான். நீச்சலையும் அப்படித்தான் விட்டாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அறைக்குள் இருந்து எழுதிக்கொண்டே கத்தினாள்: "அம்மா, பூவெ எண்டா தமிழிலை என்ன?"

குசினியில் வடை பொரித்துக்கொண்டிருந்த என் மனைவி, "வில்லு!" என்று கத்தினார்.

டேனிஷில் அம்பு எய்கிற வில்லும் பூவெதான், கட்டடத்தில் இருக்கிற வளைவும் பூவெதான். அவள் கேட்டது எந்தப் பூவெ என்று மனைவிக்கு எப்படித் தெரியும்?

சனிக்கிழமை வகுப்பில் பெற்றோர் எல்லோரும் பின்வரிசை வாங்கில் இருந்தோம். மகள் எழுந்து நின்று, நல்ல சத்தமாகவே தொடங்கினாள்.

"ரோமர் செகோவியாவிலை பெரிய பெரிய வில்லுக் கட்டினவை. வில்லுக்கு மேலாலை தண்ணி ஓடினது."

முன்வாங்கில் இருந்த ஒருத்தி, "அம்பு எங்கையடி?" என்றாள்.

பக்கத்தில் இருந்தவள் விடவில்லை. "நனைஞ்ச வில்லாலை எப்பிடியடி எய்யிறது?"

வகுப்பே சிரித்தது. டீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டார். மனைவி என் கையைப் பிடித்து, "ஐயோ, என்னப்பா, அது நான் சொன்ன சொல்லு," என்றார்.

மகள் தாளைப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள். போய்விடப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"கேள்வி கேட்ட ரெண்டு பேரும் எழும்பி வாங்கோடி," என்றாள்.

இருவரையும் எதிரெதிரே நிறுத்தி, உள்ளங்கைகளைச் சேர்க்கச் சொன்னாள். "இப்ப காலைப் பின்னுக்கு வையுங்கோ. இன்னும். இன்னும். சரி, இனிக் கையை எடுங்கோ பாப்பம்."

"எடுத்தா விழுந்திடுவமடி!"

"ஓம். அந்தக் கல்லுகளும் உப்பிடித்தான். ஒண்டை ஒண்டு தள்ளிக்கொண்டு நிக்குது. அதாலைதான் விழேல்லை. பசை ஒண்டும் தேவையில்லை. இது வில்லு இல்லையெண்டா, வேறை என்ன பேர்?"

"வளைவு, பிள்ளை," என்றார் டீச்சர்.

"சரி, வளைவு," என்று சொல்லிவிட்டு மகள் மேலே பேசினாள். அதற்குள் எல்லோருக்கும் வளைவாக நிற்க ஆசை வந்துவிட்டது. சோடி சோடியாக வரிசையில் நின்றார்கள். சின்னப் பிள்ளைகள் தாங்கள்தான் தண்ணீர் என்று சத்தம்போட்டபடி கீழே புகுந்து ஓடினார்கள்.

"தண்ணி மேலாலை ஓடினது! கீழாலை இல்லை!" என்று மகள் கத்தினாள். யார் கேட்டார்கள்?

வகுப்பு முடிந்து காரில் ஏறினோம். இனி வருவாளா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. ரயில் நிலையத்தைத் தாண்டும்போது அவளே வாயைத் திறந்தாள்.

"அப்பா, அங்கை ஒரு கோட்டை பாத்தமெல்லோ, பாறைக்கு மேலை கப்பல் மாதிரி? அதைச் சொல்ல நேரம் காணேல்லை. டீச்சர் அடுத்த சனிக்கிழமை சொல்லட்டாம். கொஞ்சம் வெள்ளனக் கொண்டுபோய் விடுறீங்களோ?"

"ஓம், விடுறன்," என்றேன்.